மருமகன் கோடி

டக்!

சத்தம் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பரா வரைக்கும் கேட்டது.

கலைச்செல்வி கோடித் துணியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். பையை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். தகரக் கொட்டகைக்குள் காரின் பொனட் திறந்திருந்தது. இடுப்புவரை உள்ளே குனிந்திருந்த கஜேந்திரன் மெல்ல நிமிர்ந்தான். கையிலிருந்த ஸ்பேனரின் வாயில் ஒரு போல்ட்டின் தலையும், அதோடு ஒரு துண்டும் மாட்டிக்கொண்டு நின்றன.

"ஒடஞ்சிருச்சி," என்றான்.

"என்னாங்க ஒடஞ்சிருச்சி?"

"தண்ணி பம்ப் போல்ட். கழட்டப் போனேன். பாதி கையோட வந்துருச்சி, மிச்சப் பாதி எஞ்சின் புளொக்குக்குள்ள நிக்கிது."

"அது இல்லாம போக ஏலாதா?"

"போலாமே. நீ பின்னால இருந்து தள்ளு, நான் முன்னால உக்காந்து ஸ்டியரிங்கப் புடிச்சிக்கிறேன்."

போல்ட் துண்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அவன் கை துடைத்தான். வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. மரங்கள் நனைந்திருந்ததால் அன்று பால் வெட்டு இல்லை. இறப்பர் தோட்டத்துச் சனம் முழுவதும் லயத்திலேயே இருந்தது. சத்தத்தைக் கேட்டு ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

கலைச்செல்வியின் அப்பா ஐயாவு நேற்று அந்தியில் செத்துப்போனார். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். மாட்டுக்குப் புல்லறுத்துக்கொண்டு வந்தவர், வாசலில் புல்லுக்கட்டை இறக்கி வைத்தார், தண்ணீர் கேட்டார், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார். அவருக்கு ஒரே மகள் கலைச்செல்வி. அவள் வாழ்க்கைப்பட்ட இந்தத் தோட்டம் பெல்மதுளைக்குப் பக்கத்தில். காரில் போனால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. நேற்று இரவே போயிருக்கலாம். "பம்ப் ஒழுகுது. இருட்டுல மலை ஏறி நடு ரோட்டுல நிக்கச் சொல்றியா? வெடிஞ்சி போவோம்," என்று கஜேந்திரன் பாயில் படுத்துவிட்டான்.

றக்வானைப் பக்கத்துச் சனத்திடம் ஒரு வழக்கம் இருந்தது. மருமகன் வந்து தன் கையால் கோடி போர்த்தினால்தான் பிணத்தைத் தூக்குவார்கள். மகள் தனியே வந்து எவ்வளவு அழுதாலும் அது கணக்கில் வராது. மருமகன் கோடி இல்லாமல் தூக்கினால் பிறந்த வீடு பெண்ணை அத்துவிட்டதாக அர்த்தம். போதாக்குறைக்கு அன்று வெள்ளி. மறுநாள் சனிக்கிழமை அடக்கம் செய்ய எந்தக் குடும்பமும் துணியாது. ஆகவே பொழுது சாய்வதற்குள் ஐயாவு மண்ணுக்குள் போயாக வேண்டும். அதற்குள் கஜேந்திரன் அங்கே நிற்க வேண்டும்.

கலைச்செல்வியின் கையில் போன் அடித்தது. அண்ணன் யோகராஜ்.

"தங்கச்சி, எங்க வந்துட்டீங்க?"

"இன்னும் கெளம்பலண்ணே. வண்டியில போல்ட் ஒண்ணு ஒடஞ்சி போச்சி."

"அப்ப பஸ்ஸுல வாங்களேன் ரெண்டு பேரும். பெல்மதுளைக்கி எறங்கி வந்தா றக்வான பஸ் இருக்குமே."

கஜேந்திரன் காது கூர்மையானது. "பஸ்ஸா? கார் வச்சிருக்கவன் ஈரத்துல நனஞ்சி பஸ்ஸுல தொங்கிக்கிட்டு வந்தா, மொதல்ல சிரிக்கிறவன் ஒங்க அண்ணன்தான். பத்து நிமிசத்துல எடுத்துருவேன்னு சொல்லு."

"பத்து நிமிசத்துல எடுத்துருவாராம்ணே," என்றாள் அவள்.

அவன் எடுக்கத்தான் செய்தான், அவனுடைய வேகத்தில். பெல்ட்டைக் கழற்றினான். மற்ற போல்ட்டுகளைக் கழற்றினான். அவை ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. பம்பைத் தூக்கி ஒரு சாக்கின் மேல் வைத்தான். புளொக்கின் முகத்தில், துளையின் வாய்க்குச் சற்று வெளியே, உடைந்த போல்ட் நகக்கண் அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பில் உளியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினான். அசையவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு பீடி பற்ற வைத்தான்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் அடுத்த காம்பராவின் வெள்ளையம்மா. அவளும் பால் வெட்டுகிறவள். வாய் அவளுடைய கத்தியைவிடக் கூர்மை. "நீ வண்டி ஓட்டுறவனா, வண்டிக்கி காவலிருக்கிறவனா?"

"மண்ணெண்ண ஊத்தியிருக்கு அக்கா. ஊறணும். அவசரப்பட்டா புளொக்கே வெடிச்சிரும்."

"அங்க மனுசன் ஊறிக்கிட்டுக் கெடக்கான். நீ போல்ட்ட ஊற வக்கிற."

"ஒங்களுக்குத் தெரிஞ்சா வந்து கழட்டுங்க."

வெள்ளையம்மா கலைச்செல்வியின் பக்கம் திரும்பினாள். "புள்ள, ஸ்டோருக்கு ஓடு. பால் உறைய வைக்கிற அசிட் கொஞ்சம் வாங்கிக்கிட்டு வா. அது என் பால் வாளியோட இரும்பு வளையத்தையே தின்னுட்டுது, இந்தத் துரு எம்மாத்திரம்?"

கலைச்செல்வி ஓடினாள். ஸ்டோர் காவல்காரன் சிங்களவன். விஷயத்தைக் கேட்டதும் "அனே, பவ்," என்று இரக்கப்பட்டு ஒரு சோடாப் போத்தலில் கால்வாசி ஊற்றிக் கொடுத்தான். சறுக்குகிற பாதையில் அதை இரு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். கோழிச் சிறகு ஒன்றைத் தேடி எடுத்து, அசிட்டில் தோய்த்துத் தோய்த்து, போல்ட்டைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். செவ்வெறும்பை நசுக்கினாற்போல மூக்கைத் துளைத்தது. துரு நுரைத்துப் பழுப்பாக வழிந்தது. வெட்டுக்கத்தி பிடித்துப் பிடித்து வெடித்திருந்த விரல்களின் பிளவுக்குள் அசிட் இறங்கியது. அவள் கையை எடுக்கவில்லை.

கஜேந்திரன் கொட்டகைத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி அப்பனுக்காகத் தன் காருக்குள் தலையை விட்டு வேலை செய்வது அவனுக்குப் பிடித்திருந்தது.

"அந்தா, அந்தப் பக்கம் விடு. இன்னும் குனி. பாலு வெட்டுறப்ப இப்புடி குனிஞ்சிருந்தா கங்காணி ஒரு நாளைக்கி ரெண்டு நாள் பேரு போட்டிருப்பான்."

"இப்ப தட்டிப் பாருங்களேன்."

"ஊறணும்."

"எவ்வளவு நேரங்க?"

"அசிட்டத்தான் கேக்கணும்." சிரித்துவிட்டு, "பசிக்கிது. என்ன இருக்கு?" என்றான்.

"எழவு கேட்ட வீட்டுல அடுப்பு மூட்டலாமாங்க?"

"எழவு றக்வானையில. அடுப்பு இங்க."

வெள்ளையம்மா உள்ளே போய் ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். தட்டு தரையில் மோதிய வேகத்தில் சம்பல் தெறித்தது. அவன் அதை வழித்து எடுத்துத் தின்றான். சாயத்தண்ணியும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மறுபடி போன் அடித்தது. இப்போது யோகராஜின் குரலில் அவசரம் இருந்தது.

"தங்கச்சி, இங்க நல்ல மழை. குழியில தண்ணி ஊறுது. நாலு பேரு வாளி வச்சி எறைச்சிக்கிட்டு நிக்கிறாங்க. மச்சான் கிட்ட குடேன்."

அவள் போனை நீட்டினாள். கஜேந்திரன் தன் கைகளைக் காட்டினான். "கிரீஸ்."

கிரீஸ் இல்லை. ரொட்டி தின்ற எண்ணெய்தான்.

இந்தப் பகையின் வேர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருடம் றக்வானைத் தோட்டத்து மாரியம்மன் தேரன்றைக்கு, சனத்துக்கு நடுவில் கஜேந்திரன் கலைச்செல்வியை அறைந்தான். அவள் அவனுக்கு முன்னால் அண்ணன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டாளாம். யோகராஜ் பாய்ந்து வந்து அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். மேல் பொத்தான் தெறித்து எங்கேயோ போனது. அந்தச் சட்டையைக் கஜேந்திரன் இன்னும் போடுகிறான். பொத்தான் தைக்க அவள் ஊசியை எடுக்கும்போதெல்லாம், "தைக்காத. இருக்கட்டும்," என்பான். ஐயாவுதான் அன்றைக்கு இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து கும்பிட்டார்.

தின்ற களைப்பில் கஜேந்திரன் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கலைச்செல்வி, சந்தியில் கராஜ் வைத்திருக்கும் கபூர் நானாவுக்குப் போன் பண்ணினாள். கஜேந்திரனைக் கேட்காமல் அவள் செய்த முதல் காரியம் அது. கபூர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ஆட்டோவின் பின் சீட்டில் கையடக்கமான வெல்டிங் பெட்டியை வைத்துக்கொண்டு, சேறு தெறிக்க வந்து சேர்ந்தார். நரைத்த தாடி, முழங்கைவரை தீப்பொறித் தழும்புகள்.

"யாரு வரச் சொன்னது?" என்று எழுந்து உட்கார்ந்தான் கஜேந்திரன்.

"மௌத்து வீட்டுக்குப் போற வண்டிண்டு கேள்விப்பட்டேன் தம்பி. யாரு வரச் செல்லணும்?" பொனட்டுக்குள் குனிந்தவர் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யா அல்லாஹ், இது என்ன நாத்தம்? அசிட் ஊத்தினது யாரு?"

"நான்தான் நானா," என்றாள் கலைச்செல்வி.

"நல்ல வேல செஞ்சீங்க தங்கச்சி. துரு விட்டுப் போயிரிக்கி. ஆனா இத கழுவாம நெருப்பு வச்சா எங்கட கண்ணு போயிரும். தண்ணி கொண்டாங்க. நல்லா ஊத்துங்க."

கழுவித் துடைத்தார்கள். வெள்ளையம்மாவின் காம்பராவிலிருந்து வயர் இழுத்தார்கள். கபூர் ஒரு நட்டை எடுத்து, நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் முனையில் குல்லாய் போலப் பொருத்தினார். "கண்ண மூடிக்கங்க," என்றார். நீல வெளிச்சம் வெட்டியது. நட்டும் போல்ட்டும் ஒட்டிக்கொண்டு செந்தணலாகச் சிவந்தன. நிறம் மங்கும்வரை அவர் அசையாமல் காத்திருந்தார். பிறகு ஸ்பேனரை வைத்துத் திருகினார். நட்டு மட்டும் கழன்று கையோடு வந்தது.

"பாத்தீங்களா?" என்றான் கஜேந்திரன். "நான்தான் சொன்னேனே. இது இன்னைக்கி வராது."

அவன் குரலில் இருந்த நிம்மதியைக் கபூர் கவனித்தார். இன்னொரு நட்டை எடுத்தார். இந்தமுறை அதிக நேரம் நெருப்பு வைத்தார். சிவப்பு அடங்கியதும் மெழுகுதிரியை அதன் வேரில் தொட்டார். மெழுகு உருகிப் புரிக்குள் இறங்கி ஓடியது. இலேசாக இறுக்கினார், இலேசாகத் தளர்த்தினார். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். பிள்ளைக்கு முள் எடுக்கிறவரைப் போல அவர் முகம் இருந்தது.

கீச்.

"வருது," என்றார்.

கலைச்செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். கால் சுற்று. அரைச் சுற்று. புகைந்துகொண்டே போல்ட் வெளியே வந்து அவர் குறட்டின் நுனியில் நின்றது. லயத்து வாசல்களிலிருந்து யாரோ கைதட்டினார்கள். "நானா, ஒங்களுக்குப் புண்ணியமா போகும்," என்றாள் வெள்ளையம்மா.

கபூர் சிரிக்கவில்லை. போல்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடைந்த இடத்துக்குச் சற்றுக் கீழே அது இழுபட்டு, கழுத்துப் போல மெலிந்திருந்தது. பிறகு பம்பைத் தூக்கிப் பார்த்தார். கொட்டகை மூலையில் கிடந்த, கை நீளத்துக்கு மேலான இரும்புக் குழாயையும் பார்த்தார்.

"இதக் கழட்டப் போன நேரமா ஒடஞ்சது தம்பி?"

"ஆமா. துருப் புடிச்சிப் போயி."

"துருவுல ஒடைஞ்சா பொடக்குண்டு போகும். இது இறுக்கி, இறுக்கி, ஸ்பேனர்ல பைப்பும் மாட்டி இறுக்கி, தாங்க ஏலாம இழுபட்டு ஒடஞ்சிரிக்கி." பம்பைச் சாக்கின் மேல் வைத்தார். "பம்ப்லயும் ஒழுக்கு இல்ல. ஒரு சொட்டுக் கற கூட இல்ல."

தூறல் தகரத்தில் பட்டுக்கொண்டிருந்தது. கலைச்செல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் பார்வையை விலக்கவில்லை.

"அவசரத்துல கை எந்தப் பக்கம் போகுதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றான்.

கபூர் புதுப் போல்ட் போட்டுப் பம்பைப் பூட்டினார். பெல்ட்டை மாட்டினார், தண்ணீர் ஊற்றினார், எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. கூலி வேண்டாமென்று கையசைத்தவர், ஆட்டோவில் ஏறப்போனவர், திரும்பி வந்தார்.

"தங்கச்சி, வாங்க. நான் கொண்டு போய் விடுறேன். வாப்பாட மொகத்தையாவது பாருங்க."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள்.

"போ," என்றான் கஜேந்திரன். "தாராளமா போ. நான் வரல. அங்க ஒன்னைய மட்டும் வச்சிக்கிட்டுப் பொணத்தத் தூக்குவாங்களான்னு பாப்போம்."

எடுத்த அடியை அவள் பின்னால் வைத்தாள். அங்கே காத்துக்கொண்டிருப்பது அவளுக்காக அல்ல, அவனுக்காக. அவள் போய் இறங்கினால், 'மருமகன் எங்கே?' என்றுதான் முதல் கேள்வி வரும். அப்பா அந்தக் கேள்வியோடு வாசலில் கிடப்பார்.

"நீங்க போங்க நானா. அவரு கூட்டிக்கிட்டுப் போவாரு."

ஆட்டோ போய்விட்டது. கஜேந்திரன் தண்ணீர்ப் பீலிக்குப் போய்க் குளித்தான். சவர்க்காரம் போட்டு, முதுகு தேய்த்து, நிதானமாகக் குளித்தான். தலை துவட்டி, எண்ணெய் வைத்துச் சீவினான். மேல் பொத்தான் இல்லாத அந்தச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டான். அதுவரைக்கும் கலைச்செல்வி கோடிப் பையை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இறப்பர் மரங்களுக்கு இடையில் வெளிச்சம் மங்க ஆரம்பித்திருந்தது. இப்போது புறப்பட்டால் கூட இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். அவள் மனது வளைவு வளைவாக மலை ஏறிப்போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அவன் வந்து உட்கார்ந்தான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினான். கியர் போடவில்லை.

"போன் போடு ஒங்க அண்ணனுக்கு."

"வந்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லவாங்க?"

"போடு சொல்றேன். ஸ்பீக்கர்ல போடு. அங்கயும் ஸ்பீக்கர்ல போடச் சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

அவள் போட்டாள். மறுமுனையில் ஒப்பாரியும் மழையும் கலந்து வந்தன.

"மச்சானா?" என்றான் யோகராஜ். "மச்சான், கும்புடுறேன். எங்க வந்துட்டீங்க? மூணு தரம் எறைச்சிட்டோம், திரும்ப முழங்கால் தண்ணி நிக்கிது. மண்ணு சரியிது."

"வண்டி ரெடி. ஸ்டார்ட்ல நிக்கிது. சத்தம் கேக்குதா?" கஜேந்திரன் அக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தான். "நான் வாரதுக்கு முன்னால ஒரு விசயம். தேரன்னைக்கி நூறு பேருக்கு முன்னால என் சட்டையப் புடிச்ச. இன்னைக்கி எழவு வீட்டுலயும் நூறு பேரு இருப்பாங்க. அவங்களுக்கு முன்னால சொல்லு. புடிச்சது பெரிய குத்தம்னு சொல்லு."

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. யாரோ ஒரு கிழவர், "சொல்லிரு யோகு. அப்பாவப் பாரு," என்பது கேட்டது.

"மச்சான்," என்றான் யோகராஜ். "ஒங்க சட்டையப் புடிச்சது என் குத்தம். மன்னிச்சிருங்க. வாங்க."

கஜேந்திரன் சீட்டில் சாய்ந்தான். அவன் முகத்தில் ஒரு குளிர்ச்சி பரவியது.

"கேக்கல. மழச் சத்தம். கால்ல விழுறேன்னும் சேத்துச் சொல்லு."

"வேணாங்க," என்றாள் கலைச்செல்வி.

"நீ பொத்து."

பிறகு யோகராஜின் குரல் வந்தது. அழுகிற குரல். அப்பா செத்ததற்குக் கூட அவன் இப்படி அழுதிருக்க மாட்டான்.

"குத்தம் மச்சான். கால்ல விழுறேன். அப்பாவ மண்ணுல வக்கணும், வந்துருங்க."

கஜேந்திரன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

"இப்ப கொஞ்சம் கேக்குது," என்றான். "இன்னும் ஒண்ணு இருக்கு. நான் வந்து எறங்குறப்ப நீ ரோட்டுக்கு வந்து, எல்லாரும் பாக்க..."

கலைச்செல்வி அவன் பக்கம் திரும்பவே இல்லை. மடியிலிருந்த பையை எடுத்துக் கதவைத் திறந்து வெளியே, ஈர மண்ணில் வைத்தாள். தானும் இறங்கினாள். அசிட் தின்று வெளுத்திருந்த விரல்களால் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் லயமே வாசலில் நின்றது.

"அண்ணே, போதும். அப்பாவத் தூக்குங்க. மருமகன் எங்கன்னு யாராவது கேட்டா, செத்துட்டான்னு சொல்லுங்க."